பச்சை விளக்கு எரிந்த ஆறு மணி நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து பவதாரிணி வணக்கத்தோடு எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் குழப்பம். மருந்து ஃப்ரிட்ஜ்களைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் கரண்ட் போய்த் திரும்பவும் ஆன் ஆனது. எத்தனை டிகிரி தாண்டினால் மணியடிக்க வேண்டும் என்ற கணக்கு இருந்த ஃபைலைக் காணோம். ஃபைல் இல்லாவிட்டாலும் நிற்காமல் ஓடட்டும் என்று புரோகிராம் எழுதியவள் நான்தான். ஓடியது. எல்லாம் சரி என்று திரையில் பச்சை விளக்கு. ஒரு ஃப்ரிட்ஜ் ஆறு மணி நேரம் சூடாகிக் கிடந்தும் மணி அடிக்கவில்லை. இங்கே வேலை பார்க்கும் கந்தர்வக்கோட்டை நர்ஸ் பிளெஸ்ஸிதான் மருந்தைத் தொட்டுப் பார்த்து, "என்னடி, இன்சுலின் வெதுவெதுன்னு இருக்கு?" என்றாள். நல்லவேளை, யாருக்கும் போடவில்லை. இப்போது மாற்றிவிட்டேன். ஃபைல் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கும்.

நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப் பத்து நாளாயிற்றாம், உங்கள் இன்சுலின் ஜன்னலில் இருக்கிறதாம். நேற்றுதான் சித்தி சொன்னாள். காலையிலிருந்து மூன்று முறை போனில் கூப்பிட்டேன். மூன்று முறையும், "நல்லாருக்கேன்த்தா, ஒண்ணும் கொறையில்ல" என்று வைத்துவிட்டீர்கள்.

இந்தக் கடிதத்தையும் புது மருந்தையும் லீவில் ஊருக்கு வரும் பிளெஸ்ஸியிடம் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். பழையதை அவளிடம் கொடுத்துவிடுங்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள், இங்கே ஏசி குளிர் தாங்கவில்லை.

பிளெஸ்ஸி ஏர்போர்ட் போக டாக்ஸி வந்துவிட்டது. அப்பா, முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். சொல்ல மனம் வராவிட்டால் பேசாமல் இருங்கள், புரிந்துகொள்வேன். நல்லாருக்கேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பவதாரிணி