எலி மருந்து என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நம் வாலு நன்றாக இருக்கிறாள். இந்த ஒரு வரியைப் படித்து மூச்சை விட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து மீதியைப் படியுங்கள். "எலி மருந்து எங்கெங்கே வைத்தீர்கள், வீட்டில் உடனே கேட்கிறார்கள்" என்று கம்பெனி ஆபீஸ்காரர் ரேடியோவில் கேட்டால், நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றின் மேல் நிற்கிற மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்! பிள்ளை நலம் என்று மறுபடியும் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். சொன்னாரோ, கொட்டாவி விட்டபடி மறந்துபோனாரோ. அதனால்தான் முழுக்கதையையும் இந்தச் சரக்குப் படகில் அனுப்புகிறேன்.

தெருக்கோடியில் இருந்த பழைய கோடவுனை இடித்துவிட்டார்கள். அங்கிருந்த எலிகள் எல்லாம் குடும்பம் குட்டியோடு நம் கட்டடத்துக்குக் குடிவந்துவிட்டன. அட்வான்ஸ் கொடுக்காமல் வீடு கிடைத்தது அவற்றுக்கு மட்டும்தான். நகராட்சியில் புகார் கொடுத்தேன். சுகாதார ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்து கட்டடத்துக்காரர்களை எல்லாம் மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி விதிமுறைகளைச் சொன்னார். விஷக்கட்டியைப் பூட்டுப் போட்ட கறுப்புப் பெட்டிக்குள்தான் வைப்பார்களாம், பெட்டியைச் சுவரோடு சேர்த்துத் திருகிவிடுவார்களாம். வீட்டுக்குள் யாரும் சொந்தமாக எதையும் வைக்கக் கூடாது. முன்பே வாங்கியது இருந்தால் உறையோடு ஒப்படைத்துவிட வேண்டும். செத்த எலியை வெறும் கையால் தொடக் கூடாது. யாராவது வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன் பேர்வழி என்று நேரத்தைக் கடத்தாமல், மிச்சத்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இதையெல்லாம் யார் மேற்பார்வை பார்ப்பது என்று கேட்டதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்கு அதட்டச் சொல்லித்தர வேண்டுமா? வீடு வீடாக ஏறி இறங்கினேன். பரணைக் காட்டு, சிங்க்குக்குக் கீழே காட்டு என்று ஒருத்தரையும் விடவில்லை. கீழே மளிகைக் கடை அண்ணன் அரிசி மூட்டைகளுக்கு நடுவே கட்டி கட்டியாக வைத்திருந்தார். "பத்து வருஷமா வைக்கிறேன், எந்த மனுஷன் செத்தான்?" என்று என்னிடமே கேட்டார். "பதினோராவது வருஷத்துக்காகக் காத்திருக்கீங்களாண்ணே?" என்று நான் கேட்டதில் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். மனுஷன் முகம் சுருங்கிப்போய் எல்லாவற்றையும் வாரிக்கொடுத்தார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு வீட்டைத்தான் நான் சோதனை போடவில்லை. நம் வீட்டை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு அனுப்பப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். நீலச் சட்டையை மடித்தபோது பையில் ஏதோ கனமாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் சோப்புத் துண்டு அளவில் ஒரு நீலக் கட்டி, ஒரு மூலை உடைந்திருக்கிறது. இது என்னடி என்று கேட்டேன். "அப்பாவுக்கு மருந்து" என்றாள் வாலு, வெகு நிதானமாக. வாஷிங் மெஷின் பின்னால் பந்து தேடப் போன இடத்தில் கிடைத்ததாம். "எலி மருந்துன்னு எல்லார்கிட்டயும் நீதானே சொன்னே? எலிக்குக் காய்ச்சல் போனா அப்பாவுக்கு முதுகுவலியும் போயிடும்ல?"

கட்டடம் முழுக்க எலி மருந்து, எலி மருந்து என்று கத்திக்கொண்டு திரிந்தவள் நான்தானே. நான்கு வயதுப் பிள்ளைக்கு மருந்து என்றால் மருந்துதான். இருமலுக்குக் கொடுப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. இத்தனை பேரில் ஒருத்தருக்கும், அந்த ஆய்வாளர் அம்மாவுக்கும்கூட, இது உறைக்கவில்லை.

அந்த மூலை எங்கே என்று கேட்டேன். பொம்மைக்கு இருமல், அதற்குக் கொடுத்தேன் என்றாள். நீ தின்றாயா என்று கேட்டதற்கு, எனக்கு இருமலே இல்லையே, நான் ஏன் மருந்து சாப்பிட வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நியாயமான பேச்சுதான். ஆனால் அதை நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? வேன் சாவி கைக்கு அகப்படவில்லை. நான் படியில் கத்திக்கொண்டு இறங்கியதைக் கேட்ட மளிகைக் கடை அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார். வழியில் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் உறையைத்தான் கேட்டார். நீங்கள் நடைபாதையில் உதிரியாக வாங்கி வைத்ததற்கு ஏது உறை? எந்த வகை விஷம் என்று தெரியாததால், மோசமான வகையாகவே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். ரத்தம் உறையாமல் போகச் செய்யும் வகை உண்டாம், அது தின்ற உடனே காட்டாதாம். அதனால் அன்றைக்கு ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். நடுவில் அந்த இரண்டு நாளும் அவள் பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வருகிறதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு முறையும் ஒரு குறையும் இல்லை. உடைந்த மூலையும் பொம்மையின் தலையணைக்குக் கீழே முழுசாகக் கிடைத்துவிட்டது.

கம்பெனி ஆபீஸ் வழியாக உங்கள் பதில் வந்ததும் அதே கையோடு சிலிண்டர் பக்கத்தில் இருந்ததையும் பரணில் இருந்ததையும் எடுத்து ஒப்படைத்துவிட்டேன். ஆக மூன்றும் வந்துவிட்டன. நீங்கள் ஏன் வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எலியைப் பார்த்து நான் கட்டில் மேல் ஏறி நின்று அலறினேன், நீங்கள் லீவு முடிந்து கிளம்புகிற அவசரத்தில் எனக்காக வைத்தீர்கள். கோபம் இருந்தது, தீர்ந்துவிட்டது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாளே பெட்டிகளில் "மருந்து" என்று எழுதியிருந்ததை எல்லாம் அடித்துவிட்டு "விஷம், தொடாதே" என்று சிவப்புப் பெயின்டில் எழுதினேன். ஆய்வாளர் அம்மா பார்த்துவிட்டு மற்ற தெருக்களிலும் இப்படியே எழுதச் சொல்லிவிட்டார். இப்போது நம் கட்டடத்தில் வாய் தவறி யாராவது மருந்து என்றால் வாலுவே "விஷம்னு சொல்லுங்க" என்று திருத்துகிறாள். மளிகைக் கடை அண்ணன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி அவளிடம் திட்டு வாங்கிக்கொள்கிறார். எலிகளும் குறைந்துவிட்டன.

இந்தப் பார்சலில் நீலச் சட்டை இருக்கிறது. பையில் தைலம் இருக்கிறது. வாலு வைத்ததுதான், நான் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டேன், தைரியமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் சௌக்கியம் என்று எழுதுகிறீர்கள். உங்களோடு வேலை பார்க்கிற வெல்டரின் மனைவியோ, உங்களால் கட்டிலில் படுக்க முடியாமல் தரையில் படுக்கிறீர்கள் என்கிறாள். இனி வலித்தால் வலிக்கிறது என்றே எழுதுங்கள்.

நானும் அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் "நீ தைரியசாலி, பார்த்துப்பே" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். பார்த்துக்கொண்டேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொள்ள நீங்கள் பக்கத்தில் இல்லை. சீக்கிரம் லீவு போடுங்கள் என்று இதுவரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தைரியசாலி என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி