துடுப்பில் காது வைத்த மச்சானுக்கு

மழை பொய்த்து, பட்டணமே லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்த வருஷம் அது, மச்சான். அதற்கு அடுத்த வருஷக் கடைசியில்தான் கடல் நம் குப்பத்துக்குள் ஏறி வந்தது. தேதி எனக்குச் சொல்லத் தெரியாது. தண்ணீர் இல்லாத அந்த வருஷம் மாசியில் உன் காது போனது.

இன்று காலை பேத்திக்குக் காதுவலி. மருமகள் பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சினாள். வாசலில் உட்கார்ந்திருந்த என் மூக்கில் அந்த வாசனை ஏறியதும் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டேன். உன் வீட்டில் மாதக்கணக்கில் அடித்த வாசனை அல்லவா அது. என் தங்கச்சி கன்னியம்மா உன் தலையை மடியில் சாய்த்து வைத்து அந்த எண்ணெயை விட்டுக்கொண்டே இருந்தாள். காது திரும்பவில்லை.

எனக்கு எழுதத் தெரியாது, உனக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சுக்குப் பள்ளிக்கூடத்துச் சட்டை மாட்டிவிடுகிறாள். பொறுத்துக்கொள்.

உன்னைப் போல் மீனின் சத்தம் பார்க்கிறவன் ஊரூர் குப்பத்தில் அப்போது யாரும் இல்லை. துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வாய். நான் மூச்சுகூட மெதுவாக விடுவேன். பிறகு சொல்வாய். "கத்தாளை மீனு கீதுடா. கெழவன் கொறட்டை வுடற மாதிரி." எனக்கும் பிடியைக் கொடுப்பாய். எனக்கு என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்கும். "உனக்குக் கையி கொடுத்தான், காதக் கொடுக்கல," என்று சிரிப்பாய். நீ கை காட்டுவாய், நான் வலை விடுவேன். மற்றப் படகுக்காரர்களும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். நீ ஏறிய படகு வெறுமனே திரும்பாது என்று பேச்சு.

உன் காதைக் கொண்டுபோன அந்த வேலைக்கு நாம் போனது கடலில் மீன் குறைந்துபோனதால்தான். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து ஒரு சார் வந்தார், இஞ்சினியர். கடற்படைக்கு டார்ப்பிடோ செய்கிற கூட்டத்தில் ஒருவர். நீர்மூழ்கிக் கப்பலைத் தண்ணீருக்கு அடியில் தானே தேடிப்போய் அடிக்கிற குண்டு. சோதனைக்கு விடுவதில் வெடிமருந்து இருக்காது. தலைக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்திருப்பார்கள். ஓடி முடிந்ததும் அது மேலே வந்து மிதக்கும். நாம் வாடகைப் படகில் போய், கயிற்றில் சுருக்குப் போட்டு, இழுத்து ஏற்ற வேண்டும். சுருக்குப் போடத் தண்ணீரில் குதிக்கிறவன் நீ.

முதல் நாள் அதைத் தூக்கும்போது ஆளாளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"இது லைட் வெயிட்," என்றார் சார். "பெரிசு வேற இருக்கு. இதை ஹெலிகாப்டர்லேயே கட்டிண்டு போயிடலாம்."

"இன்னா சார், ஒரு படகு ஆளுங்க இழுத்துகினு கீறோம், இடுப்பு கயண்டு போச்சி. இது லைட்டா? உங்க வூட்டு அண்டாவெல்லாம் இன்னா கனம் கனக்குமோ," என்றாய் நீ.

சார் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து உன்னிடம்தான் எல்லாவற்றையும் விளக்குவார். ஹெலிகாப்டரிலிருந்து குடை கட்டி இறக்குவார்களாம். உப்புத் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் பேட்டரிக்கு உயிர் வருமாம்.

"உப்புத் தண்ணி பட்டாத்தான் உசுரு வருமா?" என்றாய். "அப்போ இது எங்க ஆளு சார்."

"இன்னொண்ணு கேளு. இதுக்குக் கண்ணே கிடையாது. காதுதான். சுத்திச் சுத்தி வந்து கேக்கும். தானும் ஒரு சத்தம் போட்டு, அது எதுல பட்டுத் திரும்பறதுன்னு கேக்கும்."

நீ அதன் தலையை உள்ளங்கையால் தடவினாய். "மூஞ்சி பூரா காதா," என்றாய் மெதுவாக. "நா ஒருத்தன் போதாதுன்னு இரும்புக்கும் காது வெச்சிட்டீங்களே சார்." பிறகு குனிந்து உன் காதை அதன் மேல் வைத்தாய். படகில் எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

அந்த மாசி நாளில் உனக்குச் சளி. மூக்கு அடைத்திருந்தது. தண்ணீரில் இறங்காதே என்று கன்னியம்மா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். கப்பலிலிருந்து அதை விட்டார்கள். ஓடியது. ஓடி முடிய வேண்டிய நேரமும் ஆனது. கடல் முழுக்கக் கண்ணால் துழாவினோம்; ஆரஞ்சுத் தலை எங்கேயும் மேலே வரவில்லை. சாரின் முகம் சுண்டிப்போனது.

"அது ஓடின ஓட்டம் பூரா அதுக்குள்ளதான் பதிவாயிருக்கு. அது போச்சுன்னா எத்தனையோ பேர் வருஷக்கணக்கா உழைச்சதெல்லாம் போச்சு," என்றார்.

மூழ்கிவிட்டால் அடியில் கிடந்து டிக் டிக் என்று சத்தம் கொடுக்குமாம். அதைக் கேட்க ஒரு கருவியைத் தண்ணீரில் இறக்கி, காதில் மாட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தார். முதுகில் காற்றுக் குடுவையோடு கடற்படைப் பையன்கள் இருவர் தயாராக நின்றார்கள். நீயும் நானும் சும்மா இருந்திருக்கலாம், மச்சான். ஆனால் நம் படகிலிருந்து ஒருவன் கடலில் விழுந்தால், அவனை எடுக்காமல் படகின் முன்பக்க அணியத்தைக் கரைப்பக்கம் திருப்ப மாட்டோம். உயிரோ பிணமோ, எடுத்த பிறகுதான் கரை. நீ அதை எங்க ஆளு என்று சொல்லிவிட்டாய்.

துடுப்பை எடுத்தாய். கண்ணை மூடினாய்.

"தோ, இங்கியே கீது. டிக்கு டிக்குங்குது."

"வேணாம்பா, டைவர் போவான், நீ இறங்காதே," என்று சார் கத்தினார். நான் உன் இடுப்புத் துணியைப் பிடித்தேன். துணிதான் என் கையில் மிஞ்சியது. கல் கட்டிய கயிற்றோடு போய்விட்டாய். மேலே வந்து மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடி போனாய், மறுபடியும் போனாய். கடைசியாக ஏறி வந்தபோது இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கழுத்துக்கு வழிந்தது.

"பாறைடா. பாறையில எறா சொடுக்குது," என்றாய். இறால் இடுக்கியைச் சொடுக்குகிற சத்தத்தைக் கேட்டு அத்தனை ஆழம் போயிருக்கிறாய். சளி காதை அடைத்திருந்ததால் இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அது வேறு பக்கம், வெகு தொலைவில் கிடந்தது. கருவிதான் கண்டுபிடித்தது. பையன்கள் இறங்கிக் கட்டிவிட்டு வந்தார்கள். அதன் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ எங்களுக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்தபடி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கை தட்டினாய். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நீ மட்டும் தட்டிக்கொண்டிருந்தாய். நான் வந்து உன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாய். சத்தம் பார்க்கிறவன் செவிடானான் என்று தெரிந்தால் யார் படகில் ஏற்றுவார்கள் என்று கேட்டாய். சீழ் வைத்தது. கொஞ்சநஞ்சம் இருந்ததும் போனது. யாரிடமும் சொல்லாதே என்று கன்னியம்மாவிடமும் என்னிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய். பேசுகிறவர் வாயைப் பார்த்தே தெரிந்துகொள்ளப் பழகினாய். கடல் ஏறி வந்த காலையில் குப்பமே கத்திய கத்தல் உனக்குக் கேட்கவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். எதற்கு என்று ஓடும்போதே கேட்டாய்.

அதற்குப் பிறகும் நாம் கடலுக்குப் போனோம். நீ துடுப்பில் காது வைத்தாய், கண்ணை மூடினாய், கை காட்டினாய். காட்டின இடத்தில் நான் வலை விட்டேன். நமக்குள் தட்டுப் பேச்சு வந்தது அப்போதுதான். நான் படகுப் பலகையில் தட்டினால் உன் காலுக்குத் தெரியும். இரண்டு தட்டி, நிறுத்தி, ஒன்று தட்டினால், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், வலையை மெல்ல விடு. வேகமாக நாலு தட்டினால், போதும், வலையை வாரு, கரைக்குப் போவோம். சில நாள் நீ காட்டிய இடத்தில் மீன் பட்டுவிடும். உடனே என் முகத்தைப் பார்ப்பாய், பார்த்தியா என்பது போல. பார்த்தேன், மச்சான்.

"இன்னா நைனா, உன் மச்சான் காதுக்கு வயசாயிடிச்சா? வலை வெறும்வலையா வருது," என்பார்கள் கரையில்.

"காதுக்கு இல்ல, மீனுக்கு வயசாயிடிச்சி. வாயத் தொறக்க மாட்டேங்குது," என்பேன்.

வருஷங்கள் கழித்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்று நங்கநல்லூருக்குக் குடிபோயிருந்த சார், ஒருநாள் இனிப்புப் பெட்டியோடு குப்பத்துக்கு வந்தார். அந்த டார்ப்பிடோ கடற்படையில் சேர்ந்துவிட்டதாம், கப்பலிலும் ஏற்றிவிட்டார்களாம். சந்தோஷத்தில் மணலில் முன்னால் நடந்துகொண்டே உன்னிடம் பேசினார். அது ஓடுகிற அழகு, கேட்கிற அழகு எல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பினார். நீ வெகு பின்னால் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அது எப்படிக் கேக்கணும்னு ராத்திரி பகலா யோசிச்சிண்டிருந்தேனே," என்றார். "இவனுக்குக் கேக்கலைங்கறது எனக்குத் தெரியாமப் போச்சே."

அடுத்த வாரம் காது மெஷின் வாங்கி வந்து, தன் கையாலேயே மாட்டிவிட்டார். கேட்கிறதா என்று வாயை அகலத் திறந்து கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை உனக்கு. சாருக்காகத் தலையை ஆட்டினாய்.

பிறகு அந்த நோய் வந்தது. ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டது. உன்னை வார்டுக்குள் கொண்டுபோனார்கள். என்னைக் கேட்டில் நிறுத்தினார்கள். உள்ளே யாருக்கும் வாய் இல்லை, மச்சான். கண் மட்டும்தான். நீ எதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வாய்? வெளியே வந்த நர்ஸம்மா சொன்னாள், "உங்க பெரியவர் கூப்புட்டா திரும்பறதே இல்ல தாத்தா. கஞ்சியும் வேணாங்கறாரு. ரொம்ப வீம்பு."

உனக்குக் கையடித்துக் கொடுத்ததை அங்கேதான் உடைத்தேன்.

"வீம்பு இல்லம்மா. அவருக்குக் காது கேக்காது. வாயப் பாத்துதான் தெரிஞ்சிக்குவாரு. அந்த மாஸ்க்க கொஞ்சம் எறக்கிப் பேசினீன்னா..."

"அது முடியாதே தாத்தா. எழுதிக் காட்டட்டுமா?"

"படிக்கத் தெரியாதும்மா. கட்டில் கம்பியத் தட்டு. ரெண்டு தட்டு, நிறுத்தி ஒண்ணு."

மறுநாள் கேட்டுக்கு ஓடி வந்தாள். "தட்டினேன் தாத்தா. கண்ணைத் தொறந்து சுத்தி சுத்தித் தேடினாரு. அப்புறம் சிரிச்சாரு. அவரும் தட்டினாரு, நாலு, வேகமா. அப்படின்னா இன்னா?"

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பசிக்குதுன்னு அர்த்தம்மா," என்றேன்.

அவள் திரும்பி ஓடினாள். கஞ்சி குடித்தாயாம். அதற்கு அடுத்த நாள் நீ இல்லை. முகத்தைக் காட்டவில்லை. மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். அணியத்தைத் திருப்பிக்கொண்டு உன்னை எடுக்காமல் கரைக்கு வந்தவன் நான், மச்சான். வேறு வழி வைக்கவில்லை.

இப்போதும் கடற்படை ஹெலிகாப்டர் கடற்கரைக்கு மேலே போனால், அதன் அடிவயிற்றில் அந்தக் குண்டு தொங்குகிறதா என்று பார்க்கிறேன். என் காது நன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் மீன் சத்தமெல்லாம் எனக்கு நீ சொன்ன சொல்லாகத்தான் இருக்கிறது. கத்தாளை கிழவன் குறட்டை. இறால் எண்ணெயில் பொரிகிற கடுகு. மத்திக் கூட்டம் ஓலைக்கூரையில் தூறல். எதையும் நான் கேட்டதில்லை. ஒன்றையும் மறக்கவுமில்லை.

குப்பத்துக்கு நீ கேட்டது மட்டும் தெரியும். அந்த நர்ஸம்மாவுக்கு நீ கேட்காதது மட்டும் தெரியும். இரண்டையும் கூட இருந்து பார்த்தவர்களில் சார் போன மழைக்காலத்தில் போய்விட்டார். கன்னியம்மா இந்தத் தையில் உன்னிடம் வந்துவிட்டாள். மிச்சம் இருக்கிறவன் ஒருவன்தான், மச்சான்.

ஏழுமலை.