நேராக நின்றால் போதுமா

சாண்ட்பாயிண்ட், ஐடஹோ
டிசம்பர் 3, செவ்வாய்

அன்பு மகள் ஷெல்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மூன்று நாளாக இருவரும் பேசிக்கொள்வதில்லை, அது ஒன்றுதான். அங்கே டுலூத் குளிரில் நீயும் உன் மைல்ஸும் பிஸ்கட் என்கிற உங்கள் நாயும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் குரலை உயர்த்தியதும் நீ "சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிடுகிறாய், ஒரே வாரத்தில் மூன்று முறை. காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம். உட்கார்ந்து கடைசிவரை படி.

நீ அனுப்பிய படம் வந்தது. பிக்கப் வண்டியின் முதுகில் படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் அறை, பக்கத்தில் ஸ்கீ பலகைகளைச் சாய்த்து வைத்து நீங்கள் இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், ஜன்னலில் பிஸ்கட்டின் மூக்கு. "இதுதாம்மா எங்க புது வீடு, சனிக்கிழமை கிளம்புறோம், ஏப்ரல் வரைக்கும் மலை மலையா ஸ்கீயிங்தான்" என்று கீழே எழுதியிருந்தாய். உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் பின் டயருக்குப் போய்விட்டது. நான் என்ன செய்ய, இருபத்திரண்டு வருஷம் நெடுஞ்சாலை எடைச் சாவடியில் வேலை பார்த்தவளுக்கு டயர்தான் முதலில் தெரியும். டயர் வயிறு பிதுங்கி நின்றது, ஆனால் வண்டி மட்டும் மட்டக்கோல் வைத்தது போல் நேராக நின்றது. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவ்வளவு சின்ன வண்டிமேல் அவ்வளவு பெரிய அறையை ஏற்றினால் பின்பக்கம் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அடியில் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யார் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது. பனி அள்ளும் மண்வாரியைத் தேடி கராஜுக்குப் போனேன், சுவரோரம் ஒரு காலி அட்டைப் பெட்டி. வண்டியின் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் காற்றடிக்கிற ரப்பர் பைகள் ஒரு ஜோடி வந்த பெட்டி. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டால் திருடன் மாதிரி முழிக்கிறார். "பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்டா, அக்டோபர்ல போனப்போ மாட்டிக் குடுத்தேன். இப்ப பாரு ரோண்டா, என்னமா நேரா நிக்குது" என்கிறார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தராசத் தூக்கிட்டு வந்துருவாங்கன்னு அவதான் சொன்னா" என்றார். அப்படியா சொன்னாய் ஷெல்பி? இன்டர்நெட்டில் முகம் தெரியாத நூறு பேரிடம் எந்த வண்டி நல்லது என்று கேட்டிருக்கிறாய். மைல்ஸோடு பனிமலையில் வேலை செய்யும் பையன்களிடம் கேட்டிருக்கிறாய். ஊரில் உள்ள லாரியெல்லாம் எடை போட்டு அனுப்பியவள் உன் சொந்த அம்மா, அவளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியை மிதித்துத் தட்டையாக்கிவிட்டேன்.

காற்றுப் பை வண்டியைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். ஒரு பவுண்டு எடையைக்கூட அது குறைக்காது. தொப்பை உள்ளவன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டால் இளைத்துவிடுவானா? அச்சு அதே அச்சு, பேரிங் அதே பேரிங், டயரும் அதே டயர்தான். முன்பாவது பின்பக்கம் தாழ்ந்து, ஐயோ பாரம் அதிகம் என்று வண்டியே உனக்குச் சொல்லியிருக்கும். அதன் வாயையும் நீங்கள் இருவரும் சேர்ந்து பொத்திவிட்டீர்கள்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திற, கதவு நிலையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், ஆளும் சாமானும் சேர்த்து இதற்கு மேல் ஏற்றாதே என்று ஒரு எண் போட்டிருக்கும். உன் அப்பா அதைக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறார், நான் மைல்ஸுக்கு மெசேஜ் அனுப்பித்தான் தெரிந்துகொண்டேன். ஆயிரத்து ஐந்நூற்று எழுபது பவுண்டு. மைல்ஸ் அதோடு நிறுத்தாமல் "ஆனா ஆன்ட்டி, இது பதினோராயிரம் பவுண்டு இழுக்கும்" என்று எனக்கே பாடம் எடுக்கிறான். இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு என்று தெரியாதவனுக்குத் தாடி எதற்கு? கேம்பர் விற்றவன் காகிதத்தில் ஆயிரத்து நானூற்று எண்பது என்று போட்டிருக்கிறான், தொண்ணூறு பவுண்டு மிச்சம் என்று நீங்கள் கைகுலுக்கிக்கொண்டிருப்பீர்கள். அது காலிப் பெட்டியின் எடை. அதில் தண்ணீர் இல்லை, கேஸ் சிலிண்டர் இல்லை, பேட்டரி இல்லை, நீங்களும் இல்லை. இனி நான் ஏற்றுகிறேன் பார். நீங்கள் இருவர், பிஸ்கட், தொட்டி நிறையத் தண்ணீர், இரண்டு சிலிண்டர், பேட்டரி, ஸ்கீ நான்கு ஜோடி, பூட்ஸ், பனிச்சரிவில் சிக்கினால் உதவுகிற முதுகுப் பை, துணிமணி, மைல்ஸ் கட்டாயம் கொண்டுவரும் அந்த இரும்பு வாணலி. அறையோடு சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு வந்து நிற்கிறது. தொள்ளாயிரம் பவுண்டு கூடுதல், கூரையில் விழும் பனியை நான் சேர்க்கவே இல்லை.

அறையைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல மாட்டேன். துணிச் சுவர் வேண்டாம், கெட்டிச் சுவர்தான் வேண்டும் என்று நின்றாய், சரிதான். தண்ணீர்த் தொட்டி உறையாத இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாய், அதுவும் சரி. முதலில் அறை, பிறகு அதைச் சுமக்கிற வண்டி என்று போயிருக்க வேண்டும், நீங்கள் நிறத்தைப் பார்த்து வண்டியை வாங்கிவிட்டு அதன் தலையில் அறையைக் கட்டினீர்கள். இன்னொன்று, படத்தில் கூரைக் காற்றுத் துளையில் வெள்ளி நிற டேப் தெரிகிறது. சூடு வெளியே போகக் கூடாது என்று மைல்ஸ் ஒட்டியிருப்பான். இன்றைக்கே கிழித்தெறி. உள்ளே கேஸ் அடுப்பு எரியும்போது அந்தத் துளை விரலளவாவது திறந்திருக்க வேண்டும், விஷவாயு அலாரத்தைத் தலைமாட்டில் மாட்டு. ஈர பூட்ஸை ஹீட்டருக்கு முன்னால் அடுக்காதே.

இதுவரை வீட்டில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், பிப்ரவரி மாதம், உன்னுடையது போலவே ஒரு வண்டி சாவடிக்குள் வந்தது. எடை போட வரவில்லை, கேம்பர் வண்டிகள் எங்களிடம் நிற்கத் தேவையில்லை, கழிப்பறைக்காக வந்தார்கள். கணவனும் மனைவியும், கூரையில் ஸ்கீ. அந்த அம்மாள் என்னிடம் காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள், பச்சைக் குல்லாய் போட்டிருந்தாள். டயர் பிதுங்கி நின்றது, வண்டி நேராக நின்றது. நான் அந்த ஆளிடம் சொன்னேன், இப்படியே கணவாயில் இறங்காதீர்கள் என்று. அவர் சிரித்தார். "காத்துப் பை போட்டிருக்கேன்மா, நீங்களே பாருங்க, எவ்வளவு நேரா நிக்குது" என்றார். ஓடக் கூடாத லாரிகளில் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று என் கையிலேயே இருந்தது. லாரியாக இருந்தால் ஒட்டியிருப்பேன், ஒட்டிவிட்டால் ஆய்வாளர் வந்து எடுக்கும்வரை சக்கரம் உருளக் கூடாது. சொந்த கேம்பரில் ஒட்ட எனக்கு அதிகாரம் இல்லை. பார்த்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பதினான்கு மைல் தள்ளி, இறக்கத்தில் பின் டயர் வெடித்தது. அந்த ஆள் பிழைத்தார். அந்த அம்மாள் பிழைக்கவில்லை. அன்று சாயந்திரம் உன் ஸ்கீ பந்தயத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாயே, காரணம் இதுதான். அப்பாவே "நேரா நிக்குது" என்ற அதே வார்த்தையைச் சொன்னபோது அந்தப் பச்சைக் குல்லாய்தான் என் கண்முன் வந்தது ஷெல்பி. கோபம் கோபம் என்று எழுதுகிறேன், பயம்தான் முக்கால்வாசி.

நடக்கப் போவதைக் கேட்டுக்கொள். அப்பாவின் பெரிய பிக்கப்பை, அவர் ஊருக்கெல்லாம் பனி தள்ளிக்கொடுக்கிற அதே வண்டியை, நான் எடுத்துக்கொண்டு வருகிறேன். முன்னால் இருந்த பனிக் கலப்பையை நேற்றே கழற்றிவிட்டேன். அதன் கதவுச் சீட்டில் நாலாயிரத்து நூறு என்று இருக்கிறது, உன் அறை அதில் தாராளமாக உட்காரும். இந்தக் குளிர்காலம் உன் அப்பா மண்வாரியால் அள்ளட்டும், காற்றுப் பை மாட்டிய கைதானே. வியாழன் விடிந்ததும் கிளம்புகிறேன், சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் டுலூத்தில் இருப்பேன். எல்லோரும் சேர்ந்து அறையை மாற்றி ஏற்றுவோம், தானிய லாரிகளை எடை போடுகிற இடம் உங்கள் ஊரில் இருக்கும், அங்கே தராசில் ஏற்றிப் பார்ப்போம். எண் சரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நானே கையசைத்து அனுப்பிவைக்கிறேன். ஸ்கீ போகாதே என்று நான் உன்னிடம் என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா?

நீயும் மைல்ஸும் நீண்ட ஆயுளோடு, நல்ல பனியும் நல்ல பாதையுமாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். பிஸ்கட்டுக்கு எலும்பு கொண்டுவருகிறேன். விரைவுத் தபாலில் அனுப்புவதால் இது வியாழனே உன் கைக்கு வரும். உறைக்குள் இன்னொன்றும் இருக்கிறது, பார்த்திருப்பாய். சிவப்பு ஸ்டிக்கர். அன்று ஒட்டாமல் என் கையிலேயே நின்றுபோனது அதுதான், இத்தனை வருஷமாக மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். உன் வண்டியிலும் அதை ஒட்ட எனக்கு அதிகாரம் இல்லை, அதனால் நீயே ஒட்டு. முன் கண்ணாடியில், ஓட்டுநர் பக்கம். அதை எடுக்க ஆய்வாளர் வந்துகொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரோண்டா