புற்றுமண் போட்ட தடம்

கால் எரிச்சலுக்கு மிளகாய்க் களிம்பு, வேப்பெண்ணெய், கோயில் புற்றுமண் என்று எதையும் நாறும்பூநாதன் விட்டுவைக்கவில்லை. விட்டுவைத்தது சர்க்கரை மாத்திரையை மட்டும்தான். புளியங்குடி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மனைவி ஆவுடையம்மாள் காலண்டர் தாளைக் கிழித்து அவருக்கு எழுதினாள்:

"சோறு ஹாட்பாக்ஸில இருக்கு, புளிக்குழம்பு அடுப்புமேல. களிம்பு தடவுன கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம கண்ணுல வைக்காதீய. நேத்து மாதிரி அழுதா, துடைச்சுவிட நான் இல்ல.

இனிப்பைத் தொடவே இல்லைன்னு சத்தியம் பண்ணுனீய. நீங்க குழைச்சுப் பூசுன புத்துமண்ணு கட்டில்ல இருந்து அல்வா டப்பா வரைக்கும் தடம் போட்டிருக்கு. கூட்டாம விட்டுட்டுப் போறேன்."

அடியில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"அல்வாவை நான் கொண்டுபோறேன். மாத்திரையை அந்த டப்பாவுலதான் வச்சிருக்கேன். அங்கனன்னா தேடாம எடுப்பீய."