காந்தம் மிதந்துவிட்டது, அண்ணா

என் பிரியமுள்ள அண்ணா,

மிதந்துவிட்டது! மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில், சட்டைப் பொத்தான் அளவுள்ள கறுப்பு மாத்திரைக்கு மேலே ஒரு குட்டிக் காந்தம் அந்தரத்தில் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு தாளை விட்டு எடுத்தேன், எதிலும் இடிக்காமல் போய் வந்தது. விரலால் தட்டினால் அப்படியே சுற்றியது. ஐம்பத்தோரு வயதில் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கத்திவிட்டேன்.

நீ இன்று உயிரோடு இருந்திருந்தால், "இதுக்கா அம்மிணி இத்தன ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டிருப்பாய். யாரும் பார்க்காத நேரத்தில் நீயும் ஒரு தட்டு தட்டிப் பார்த்திருப்பாய்.

அந்த மாத்திரைக்குள் என்னதான் இருக்கிறது என்று முன்பு ஒரு தடவை கேட்டாயே. யிட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன். நம் கோழிப்பண்ணைகளில் முட்டை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள் அல்லவா, அப்படி அணுக்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த சில அடுக்குகளில் மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும். அந்த ஓட்டம்தான் காந்தத்தைத் தள்ளி அந்தரத்தில் நிறுத்துகிறது. ஆனால் அது ஓட வேண்டுமென்றால், இன்னோர் அடுக்கில் காலியாக இருக்கும் குழிகளில் ஆக்சிஜன் போய் நிரம்ப வேண்டும். உலையை மெல்ல ஆறவிட்டால்தான் நிரம்பும். அவசரப்பட்டு எடுத்தால் குழிகள் காலியாகவே கிடக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புதான், எனக்கே வித்தியாசம் தெரியாது.

அதற்கு மேல் குளிர் வேண்டும், மைனஸ் நூற்றெண்பதுக்கும் கீழே. திருச்செங்கோட்டுப் பக்கம் அந்தக் குளிருக்கு எங்கே போவது? மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற என் அண்ணனிடம் போனேன். காளை விந்துக் குச்சிகள் கெடாமல் இருக்க நீ பைக்கில் கட்டிக்கொண்டு திரிந்த கேனில் இருந்தது திரவ நைட்ரஜன். விஞ்ஞானம் முழுவதும் உன் பைக்கின் பின் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நான் கேலி செய்ததை நினைத்து இன்று சிரித்தேன்.

அந்த முதல் தடவையை இப்போது சொல்லியாக வேண்டும். நீ கேனோடு வந்து, தெர்மாகோல் கிண்ணத்தில் நைட்ரஜனை ஊற்றினாய். புகை கிளம்பியது. காந்தம் மாத்திரைமேல் பேசாமல் படுத்துக் கிடந்தது. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போய், "நைட்ரஜன் பழசு போலிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

திரவமாக இருக்கும்வரை நைட்ரஜனுக்குப் பழசு புதுசு என்று கிடையாது, அண்ணா. அது எனக்கு அப்போதே தெரியும்.

அந்தப் பேச்சு ஒரு மாணவியின் அப்பா வழியாகப் பால் சொசைட்டிக்குப் போனது. அதற்குப் பிறகு எந்த மாடு சினை பிடிக்காவிட்டாலும், "அவரு நைட்ரஜனே சரியில்லீங்க, தங்கச்சி காலேஜ்லயே சொல்லிப்போட்டாங்கல்ல" என்றார்கள். சிலர் வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேனின் மூடியை மாற்றினாய். தினமும் இரண்டு தடவை அளவுகோலை உள்ளே விட்டு, எதுவரைக்கும் உறைபனி பிடித்திருக்கிறது, நைட்ரஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாய். நான் சொன்னதை நீ நம்பிவிட்டாய். நான் ஏன் அப்போதே வாயைத் திறக்கவில்லை?

போன மாதம் பழைய ஆய்வக நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது: நாலு பத்துக்கு மாத்திரையை உலையிலிருந்து வெளியே எடுத்தேன். நாலரைக்குக் கல்லூரி பஸ், அதை விட்டால் ஊருக்கு வேறு வண்டி இல்லை. செக்கச்செவேல் என்று இருந்ததை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். ஆக்சிஜன் உள்ளே போக நேரமே கொடுக்கவில்லை.

இந்தத் தடவை பஸ்ஸை நம்பவில்லை. லாரி பாடி கட்டும் பட்டறையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டேன். "இரும்பு வெட்டத்தானுங்க இது, நீங்க மாத்திர சுட வாங்கறீங்களே!" என்று பட்டறைக்காரர் சிரித்தார். உலைக்குள் அந்த ஆக்சிஜனை ஓடவிட்டு, மறுநாள் மதியம்வரை ஆறவிட்டேன். நைட்ரஜன் உன் கேனிலிருந்துதான் வந்தது, உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் கொண்டுவந்து ஊற்றினாள்.

பார்க்க வரச்சொல்லி அண்ணியையும் கூப்பிட்டிருந்தேன். எல்லோரும் கைதட்டிக் கொண்டிருந்தபோது அண்ணி மட்டும் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, அப்ப அவரு கொண்டாந்த நைட்ரஜன் நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்க அண்ணி. நாந்தான் மாத்திரைய அவசரப்பட்டு எடுத்துப்போட்டேன். தெரிஞ்சே அண்ணன்மேல பழியப் போட்டுட்டேன்."

அண்ணி அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "இத எங்கிட்டச் சொல்லி என்னாகுதுங்க? சொசைட்டில வந்து சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன், அண்ணா. திங்கட்கிழமை காலை எல்லோரும் பால் ஊற்ற வரும் நேரத்தில், மாத்திரையும் காந்தமும் உன் கேனுமாக அங்கே நிற்பேன். அண்ணியும் வருகிறார். காந்தத்தை மிதக்கவிடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். மிதந்த பிறகு சொன்னால் எல்லோரும் கைதட்டிக் கொண்டிருப்பார்கள், உன் பெயர் யார் காதிலும் விழாது.

உன்னோடு பிறந்தவள்,
பூங்கொடி