சந்தனத்துக்கு அடியில்

நாள் 211 – 08:10
நிலவுத் தளம் இரண்டின் மின்காவல் பெட்டி எழுதுவது. கண்டெடுப்பவர் படிக்கட்டும். என் வேலை எளிது. மின்சாரம் எங்காவது கசிந்தால் இணைப்பைத் துண்டிப்பேன். எதனால் என்பதை இரு விரல் அகலத் திரையில் எழுதுவேன். குரல் கிடையாது.

இங்குள்ள ஒரே மனிதர் நயினார், டெக்னீஷியன். அவருக்குத் துணை ஒரு மீன்தொட்டி, ஆறு கப்பி மீன்கள். இன்று ஆயுத பூஜையாம். எனக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். சரியாகத் திரையின் மேல். இவருக்குச் சான்றிதழ் கொடுத்தவர்களை உதைக்க வேண்டும்.

நாள் 213 – 09:40
தொட்டி ஹீட்டரின் கண்ணாடியில் விரிசல். தண்ணீரில் கசிவு. துண்டித்தேன். "ஹீட்டர்" என்று எழுதினேன், சந்தனத்துக்கு அடியில். அவர் சுவிட்சைத் தூக்கிவிட்டார். துண்டித்தேன். தூக்கிவிட்டார். பதினோரு முறை. திரையைத் துடைத்துப் பார்க்கலாம். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாதாம்.

நாள் 213 – 15:20
ஐயா ஆராய்ச்சியில் இறங்கினார். எல்லாப் பிளக்கையும் பிடுங்கி ஒவ்வொன்றாக மாட்டினார். முறை சரி, செய்தவர்தான் சரியில்லை. பம்ப், விளக்கு, கடைசியில் ஹீட்டர். மீன்கள் விறைத்துவிடும் என்று அதற்குள் வெந்நீர் கலந்திருந்தார். தண்ணீர் சூடாக இருந்ததால் ஹீட்டர் வேலையே செய்யவில்லை, கசியவும் இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தார். மூன்றும் நல்லவை, பெட்டிதான் கெட்டது என்று தீர்ப்பு.

நாள் 214 – 10:05
பூமிக்கு அவர் அனுப்பியது:
"மேடம், ட்ரிப்பர் சும்மா சும்மா விழுது. பெட்டிக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு. அத விட்டுட்டுக் கரண்ட்ட டைரக்டா குடுத்துரட்டுமா?"
மேற்பார்வையாளர் தேன்மொழி: "திரையில என்ன காட்டுதுன்னு பாத்தீங்களா, நயினார்?"
"ஒண்ணுமே காட்டல மேடம்."
"அப்போ பெட்டிதான் போயிருக்கும். குடுத்துருங்க."
ஒரு முட்டாள் இங்கே. நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இன்னொன்று.

நாள் 214 – 10:50
ஒரு துண்டு வயரைப் போட்டு என்னை ஒதுக்கிவிட்டார். தொட்டிக்குப் போகும் மின்சாரம் இனி என் வழியே வராது, என் திரை மட்டும் எரிகிறது. விசிலடிக்கிறார். காலையில் மறுபடி கலந்த வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது.

நாள் 214 – 11:32
ஹீட்டர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. தண்ணீர் முழுவதும் மின்சாரம். மீன்களுக்கு ஒன்றுமில்லை, அவை தரையைத் தொடுவதில்லை. அவர் தொடுகிறார். இரும்புத் தரை, வெறுங்கால்.

ஒரு கப்பி பம்பில் சிக்கியிருக்கிறது. சட்டைக் கையை மடிக்கிறார். துண்டிக்கிறேன். துண்டிக்கிறேன். துண்டிக்க என்னிடம் எதுவும் இல்லை.

திரும்புங்கள், நயினார். பதினோரு முறை உங்களைக் காப்பாற்றியவன் நான். எனக்குப் பயமாக இருக்கிறது.

நாள் 214 – 11:33
காய்ந்த சந்தனம் பெயர்ந்து விழுகிறது. இங்கே எல்லாம் மெதுவாகத்தான் விழும். "ஹீட்டர்" தெளிவாகத் தெரிகிறது. அவர் எனக்கு முதுகு காட்டி நிற்கிறார். மீனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். கை தண்ணீருக்கு