மேல்பக்கம் மூன்று

மார்ச் 3
மகள் ருய்லினுக்கு மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை. மூன்று முறை அளந்துவிட்டேன்.

ஊர்ச் செயலாளர் சாய் வந்தார். கூரை போட்ட மரப்பாலத்தின் வரலாற்றை நான் எழுதித் தர வேண்டுமாம். "காலேஜ் படிச்ச பொண்ணு, ஒரு பக்கம் எழுது போதும். முந்நூறு வருஷமா ஒரே இடத்துல அசையாம நிக்குதுன்னு போடு. மாவட்டத்து ஆளு இருபதாந்தேதி வர்றாரு. பாதுகாப்புப் பட்டியல்ல சேத்துருவாரு."

சேர்த்துவிட்டால் அந்த இடத்தில் வேறு பாலம் வராது. ஆறு குறுகுவது அங்கே மட்டும்தான். மரப்பாலம் தாங்காது, வண்டியும் ஊருக்குள் வராது. போன குளிர்காலத்தில் பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது என் மாமனார்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆம்புலன்ஸ் அக்கரையில் மூங்கில் காட்டோடு நின்றுவிட்டது. அங்கே போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம். கணவர் வென்சோவில், செருப்புத் தொழிற்சாலையில்.

மார்ச் 7
பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன். உத்தரங்களில் தச்சர்கள் மையால் எழுதிய குறிகள் இன்னும் இருக்கின்றன. ஆறு இறங்கிப் போகும் பக்கத்தில் "மேல்பக்கம் மூன்று", "மேல்பக்கம் நான்கு". மேல்பக்கம் என்றால் ஆறு வரும் பக்கம். ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே இடம் மாறியிருக்கின்றன. அப்படியானால் இதை யாரோ பிரித்து, திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள்.
இல்லை — எனக்கு வேண்டியதுதான் என் கண்ணுக்குத் தெரிகிறதா?

மார்ச் 8
மாமா மூங்கில் குருத்து உரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். கத்தி நின்றது.

"அம்பத்தாறுல பாலத்தைப் பிரிச்சு, ஆத்துக்கு மேல இருக்கற மேல்துறையில இருந்து இங்க கொண்டுவந்தாங்க. எனக்கு எட்டு வயசு, ஆப்பு சுமந்தேன். எங்கப்பாதான் பெரிய தச்சர். மழை, அவசரம். எதிர்க்கரையில இருந்து பூட்ட ஆரம்பிச்சுட்டாரு. பாத்தப்போ பாதி ஏறியாச்சு. யாரும் வாயத் திறக்கலை."

"இதை எழுதட்டுமா மாமா?"

"செத்த மனுசனைச் சந்தி சிரிக்க வைக்கப்போறியா?"

மார்ச் 9
மாமா சோற்றை வாசலில் வைத்துச் சாப்பிட்டார். நான் அடுப்படியில்.

மார்ச் 14
ருய்லினுக்குக் காய்ச்சல், 39.2 டிகிரி. வலிப்பு வரவில்லை. வரவில்லை. வரவில்லை. மாமா நாள் முழுக்க வாசலை ஒட்டி நாற்காலியில் இருந்தார், காலணியைக் கழற்றாமல். சோறு கொடுத்தேன், அப்படியே சாப்பிட்டார்.

மார்ச் 20
மாவட்டத்து ஆளிடம் சாய் "முந்நூறு வருஷம்" என்று ஆரம்பித்தார். மாமா குறுக்கே வந்தார்.
"பொய். எங்கப்பா இதைப் பக்கம் மாத்தி மாட்டினாரு. வாங்க, காட்டறேன்."
"வூ அண்ணே, உமக்குக் கிறுக்கா?" என்று சாய் மாமாவிடம் பாய்ந்தார்.
"என் பேத்தியத் தூக்கிட்டு நீ ஓடுவியா? ஓடுறதா இருந்தா நான் வாயை மூடிக்கறேன்."
குறிகளைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தையும் மாவட்டத்து ஆளிடம் கொடுத்தேன்.

அடுத்த ஆண்டு, நவம்பர் 11
மரப்பாலத்தைப் பிரித்துப் பழைய இடமான மேல்துறைக்கே கொண்டுபோக மாவட்டம் அனுமதித்தது; இன்று அங்கே அதற்கு முகட்டு உத்தரம் ஏற்றினார்கள். அப்போது பெண்கள் அங்கே நிற்கக் கூடாது என்பது வழக்கம். வீட்டிலிருந்தே வெடிச்சத்தம் கேட்டேன். மாமா மை படிந்த விரல்களோடு வந்தார். "இந்தத் தடவை கரையை ரெண்டு வாட்டி பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சோம்."

கீழே, ஆறு குறுகும் இடத்தில், சிமெண்டுப் பாலத்துக்குத் தூண் எழும்பிவிட்டது.

அதற்கும் அடுத்த ஆண்டு, டிசம்பர் 2
ருய்லினுக்கு 39.4. ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது. மருந்து கொடுத்தார்கள், இறங்கிவிட்டது. மாமா காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டுநருக்குத் தேநீர் போடப் போனார்.